எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு எதை, எப்போது, எந்த வரிசையில் செய்வது

எனக்கு இரைப்பை பைபாஸ் செய்து சில ஆண்டுகள் ஆகின்றன. அதன்பின் புதிதாக அறுவை செய்துகொண்ட பலரோடு அவர்களுடைய முதல் மாதங்களில் கூடவே இருந்திருக்கிறேன். இடறியவர்களில் ஒருவர்கூட அக்கறை இல்லாதவர் அல்லர். ஐந்தாம் வாரம் செய்ய வேண்டியதை இரண்டாம் வாரமே செய்தவர்கள் சிலர். எந்நாளும் விடக்கூடாததை ஓராண்டில் விட்டுவிட்டவர்கள் சிலர். அதனால்தான் இதை வரிசைப்படி எழுதுகிறேன்.

இரண்டு முறைகள் பரவலாக இருக்கின்றன. ஸ்லீவ் முறையில் இரைப்பையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் ஒரு குழாய்போல நிற்கிறது. பைபாஸில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பை ஒன்றை மேலே பிரித்து, சிறுகுடலின் ஒரு பகுதியைத் தாண்டி உணவு போகும்படி இணைக்கிறார்கள். கீழே சொல்வதில் பெரும்பகுதி இரண்டுக்கும் பொது. வேறுபடும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மருத்துவர் கொடுத்த தாள் இதற்கு மாறாக ஒன்றைச் சொன்னால் தாளையே கேளுங்கள். உங்கள் வயிற்றின் உள்ளே பார்த்தவர் அவர்தான்.

## 1. மருத்துவமனைக்குப் போகும் முன்

வீடு திரும்பிய பிறகு கடைக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருக்க முடியாது. இவை முன்பே வீட்டில் இருக்கட்டும்: 30 மில்லி அளவுக் கோப்பை ஒன்று, குழந்தைகளுக்கான சிறு கரண்டி இரண்டு, மிக்ஸி, வடிகட்டி, காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர், ஒரு நோட்டுப் புத்தகம். சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ உள்ளவர்களுக்கு வீட்டிலேயே அளக்கும் கருவியும் தேவை.

புரதப் பொடியைப் பெரிய டப்பாவாக வாங்கிவிடாதீர்கள். அறுவைக்குப் பிறகு நாக்கின் ருசி மாறிவிடுவது உண்டு. நேற்றுவரை பிடித்த சுவை இன்று குமட்டும். சிறு பொட்டலங்களாக இரண்டு மூன்று வகை வாங்கி வைத்தால் ஒன்றாவது உள்ளே போகும்.

மருத்துவரிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். செய்யப்போகும் அறுவையின் சரியான பெயர் என்ன, இப்போது சாப்பிடும் மருந்துகளில் எவை நிற்கும், எவை குறையும், நள்ளிரவில் எந்த எண்ணில் அழைப்பது. இந்த மூன்றையும் வாய்மொழியாகக் கேட்டுவிட்டு மயக்க மருந்தின் கலக்கத்தில் மறந்தவர்கள் ஏராளம்.

தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதற்காகக் கருவி பயன்படுத்துபவர்கள் அதை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். எடை குறைந்ததும் தாமாக அதை நிறுத்தக் கூடாது. மறுபரிசோதனைக்குப் பிறகே முடிவு செய்ய வேண்டும்.

## 2. முதல் நாட்கள்: நடை, மூச்சு, அபாய அறிகுறிகள்

அறுவை முடிந்த அன்றோ மறுநாளோ எழுந்து நடக்கச் சொல்வார்கள். வலிக்கும், இருந்தாலும் நடக்க வேண்டும். படுத்தே கிடந்தால் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய்விடக்கூடும். வீட்டுக்கு வந்த பின்னும் பகலில் மணிக்கு ஒருமுறை சில நிமிடம் நடந்தால் போதும். ஆழ்ந்த மூச்சுப் பயிற்சியும் இதே அளவு முக்கியம். சளி தேங்கினால் காய்ச்சல் வரும்.

நுண்துளை அறுவையில் வயிற்றுக்குள் செலுத்தும் வாயுவால் தோள்பட்டை இரண்டொரு நாள் வலிக்கலாம். நடந்தால் அது குறையும். ஆனால் தோள் வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டினாலோ, காய்ச்சல் 101 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போனாலோ, வயிற்று வலி கூடிக்கொண்டே வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். உள்ளே இணைத்த இடத்தில் கசிவு இருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்கால் வலித்தாலும், வாந்தி நிற்காமல் தண்ணீர்கூடத் தங்காமல் போனாலும், மலம் கறுப்பாகப் போனாலும் அப்படித்தான்.

மருத்துவரைத் தொந்தரவு செய்கிறோமே என்று விடியும்வரை காத்திருப்பதுதான் இங்கே மிக ஆபத்தான தவறு. கசிவில் மணிக்கணக்கு முக்கியம்.

நான்கு முதல் ஆறு வாரம் வரை கனமான எதையும் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடமும் குழந்தையும் இதில் அடங்கும். குழந்தை அழும்போது மனம் கேட்காது. தரையில் உட்கார்ந்து மடியில் ஏறச் சொல்லுங்கள்.

## 3. உணவைப் பற்றி யோசிக்கும் முன் தண்ணீர்

முதல் மாதத்தில் மறுபடி மருத்துவமனைக்குத் திரும்புகிறவர்களில் பலர் உடலில் நீர் வற்றிப்போனவர்களே. அவர்கள் புரதம் குறைந்துவிடுமோ என்று பயந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், தண்ணீரை மறந்திருப்பார்கள். வரிசை இதுதான்: தண்ணீர், அதன்பின் புரதம், அதன்பின் மற்றவை.

இலக்கு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல். முன்புபோல ஒரு டம்ளரை ஒரே மூச்சில் குடிக்க முடியாது. நெஞ்செலும்புக்கு அடியில் கல் வைத்ததுபோல வலிக்கும். நான் செய்தது இப்படி: 30 மில்லி கோப்பையை நிரப்பிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பத்து நிமிடத்துக்குள் அதை மூன்று நான்கு வாயாகப் பருகி முடிப்பேன். பிறகு மீண்டும் நிரப்புவேன். மணிக்கு 180 மில்லி. ஒன்பது மணி நேரத்தில் 1,600 மில்லியைத் தாண்டிவிடும். கைப்பேசியில் பத்து நிமிட மணி வைத்துக்கொண்டால் கணக்குத் தவறாது.

சிறுநீர் அடர்மஞ்சளாகப் போவது, எழுந்து நிற்கும்போது தலை சுற்றுவது, நாக்கு ஒட்டுவது ஆகியவை நீர் போதவில்லை என்பதற்கு அடையாளம். குளிர்ந்த நீர் ஒத்துக்கொள்ளாவிட்டால் வெதுவெதுப்பாகக் குடித்துப் பாருங்கள். வாயு நிரம்பிய குளிர்பானங்கள் வேண்டாம். சிறிய பையில் வாயு புகுந்தால் வலிதான் மிஞ்சும்.

திட உணவு தொடங்கியதும் இன்னொரு விதி சேர்கிறது. சாப்பிடும்போது குடிக்கக் கூடாது. சாப்பிட்டு முப்பது நிமிடம் கழித்தே குடிக்க வேண்டும். உணவோடு நீர் சேர்ந்தால் அது உணவை வேகமாகக் கீழே கழுவிவிடும், வயிறு நிறைந்த உணர்வு நிலைக்காது. இரண்டும் சேர்ந்து வாந்தியாகவும் வரலாம். ஆயுள் முழுக்கக் காக்க வேண்டிய பழக்கம் இது.

## 4. உணவின் படிகள்

மருத்துவமனைக்கு மருத்துவமனை நாட்கள் சற்று மாறும். பொதுவான போக்கு இது:

முதல் ஓரிரு நாள்: தெளிந்த நீர்மங்கள் மட்டும். வடிகட்டிய சூப், தண்ணீர், சர்க்கரை சேர்க்காத பானங்கள்.

இரண்டாம் வாரம் முடியும்வரை: கெட்டியான நீர்மங்கள். கொழுப்பு நீக்கிய பால், புரதப் பானம், வடித்த சூப்.

மூன்றாம், நான்காம் வாரம்: மிக்ஸியில் நன்றாக அரைத்த உணவு. கட்டி இல்லாமல் கூழாக இருக்க வேண்டும்.

ஐந்தாம், ஆறாம் வாரம்: முள்கரண்டியால் அழுத்தினால் மசியும் மென்மையான உணவு. மீன், குழைய வேகவைத்த பருப்பு, முட்டை, வெந்த காய்.

ஏழெட்டு வாரத்துக்குப் பிறகு: வழக்கமான உணவு, ஒவ்வொன்றாக.

உள்ளே வெட்டி ஸ்டேப்பிள் போட்டு மூடிய நீண்ட கோடு ஒன்று ஆறிக்கொண்டிருக்கிறது, வீங்கியும் இருக்கிறது. அதனால்தான் இத்தனை படிகள். வெளியே தோலில் உள்ள சிறு தழும்புகள் பத்து நாளில் ஆறிவிடுவதைப் பார்த்து உள்ளேயும் ஆறிவிட்டது என்று நினைக்கிறோம். வலி இல்லாததை உள்ளே ஆறியதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் இரண்டாம் வாரக் கடைசியில் வேகவைத்த முட்டையில் ஒரு துண்டை மென்று விழுங்கினார். ஐந்து நிமிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். வாயில் எச்சில் நுரை நுரையாகப் பொங்கிக்கொண்டே இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, அந்தத் துண்டு வெளியே வரவும் இல்லை. அன்றிரவை மருத்துவமனையில் கழித்தார். அதே முட்டையை ஆறாம் வாரம் மசித்துச் சாப்பிட்டபோது அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

புதிய உணவை ஒரு வேளைக்கு ஒன்று மட்டுமே சேர்த்துப் பாருங்கள். மூன்றைச் சேர்த்து வாந்தி வந்தால் எதனால் வந்தது என்று தெரியாது. நோட்டுப் புத்தகம் இதற்குத்தான். மூன்றாம் வாரம் ஒத்துக்கொள்ளாத ஒன்று மூன்றாம் மாதம் ஒத்துக்கொள்ளும். ஆகவே ஒருமுறை தவறியதை ஒரேயடியாக ஒதுக்கிவிட வேண்டாம். கடைசிவரை பலருக்குச் சிரமம் தருபவை மாவாகத் திரளும் மென்மையான ரொட்டி, ஒட்டிக்கொள்ளும் சோறு, மறுபடி சூடுபடுத்திய வறண்ட இறைச்சி.

## 5. சாப்பிடும் முறை

அறுவை செய்தது இரைப்பையில். கைக்கும் வாய்க்கும் பழைய வேகம் அப்படியே இருக்கிறது. அதை மாற்றத்தான் அதிகப் பயிற்சி வேண்டும்.

சிறு கரண்டியில் பாதி எடுங்கள். கூழாகும்வரை மெல்லுங்கள். விழுங்கியதும் கரண்டியைக் கீழே வையுங்கள். இது நான் கற்றவற்றில் மிகப் பயனுள்ள பழக்கம். ஒரு வேளை உணவு இருபது முதல் முப்பது நிமிடம் ஆக வேண்டும். தொலைக்காட்சி, கைப்பேசி வேண்டாம். வயிறு நிறைந்த செய்தி இப்போது மெல்லிய குரலில்தான் வரும். கவனம் வேறிடத்தில் இருந்தால் கேட்காது. எனக்கு அது மூக்கில் நீர் கசிவதாக வந்தது. சிலருக்கு விக்கல், சிலருக்கு நெஞ்சுக்குழியில் ஓர் இறுக்கம். உங்களுடையது எது என்று முதல் மாதங்களில் கண்டுகொள்ளுங்கள். அது வந்ததும் நிறுத்திவிடுங்கள். தட்டில் ஒரே ஒரு வாய் மிச்சம் இருந்தாலும் சரி. அந்த ஒரு வாய்தான் வாந்தியாகிறது.

தட்டில் முதலில் புரதம், அடுத்துக் காய், இடம் இருந்தால் மாவுப் பொருள். நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது. முதல் மாதங்களில் உணவால் மட்டும் அந்த அளவை எட்ட முடியாது என்பது இதிலேயே தெரியும். புரதப் பொடி அதற்காகத்தான். புரதம் குறைந்தால் உடல் தன் தசையையே தின்கிறது. எடை இறங்கும், ஆனால் படியேற முடியாத பலவீனம் வரும்.

## 6. இனிப்பு சாப்பிட்டதும் வரும் படபடப்பு

டம்பிங் என்று இதைச் சொல்கிறார்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு அதிகம், ஸ்லீவிலும் வரலாம். இனிப்பு இரைப்பையில் தங்காமல் குடலுக்குள் மொத்தமாக இறங்கும்போது, குடல் ரத்தத்திலிருந்து நீரை இழுத்துக்கொள்கிறது. சாப்பிட்ட 10 முதல் 30 நிமிடத்தில் வியர்வை, படபடப்பு, வயிற்றைப் பிசைதல், வயிற்றுப்போக்கு. படுத்துக்கொண்டால் தணியும்.

இன்னொரு வகை ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வரும். இன்சுலின் அளவுக்கு மேல் சுரந்து ரத்தச் சர்க்கரை சரிந்துவிடுகிறது. கை நடுங்கும், கண் இருட்டும். அப்போதைக்குச் சிறிது சர்க்கரை எடுத்து, உடனே புரதமும் சாப்பிட வேண்டும். இது வந்துவிடுமோ என்ற பயத்திலேயே இனிப்பைக் கையில் வைத்துக் கொறிப்பவர்கள் அடுத்த சரிவைத் தாங்களே வரவழைக்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வண்டி ஓட்டும்போது வந்தால் உயிருக்கே ஆபத்து.

## 7. வைட்டமின் மாத்திரைகள்: ஆயுள் முழுக்க

பொதுவாகத் தேவைப்படுபவை பல்வகை வைட்டமின், இரும்பு, பி12, வைட்டமின் டி, கால்சியம். அளவை மருத்துவர் ரத்தப் பரிசோதனை பார்த்துச் சொல்வார். கால்சியம் உணவையும் சேர்த்து நாளைக்கு 1,200 முதல் 1,500 மில்லிகிராம். ஒரே வேளையில் 500, 600 மில்லிகிராமுக்கு மேல் உடல் எடுத்துக்கொள்ளாது, ஆகவே பிரித்துச் சாப்பிட வேண்டும். கால்சியம் சிட்ரேட்டாக வாங்குங்கள். கார்பனேட் கரைய அமிலம் வேண்டும். உங்கள் இரைப்பையில் அது குறைந்துவிட்டது.

கால்சியமும் இரும்பும் ஒன்றாகப் போனால் ஒன்றையொன்று தடுக்கும். இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். காலையில் பல்வகை வைட்டமினும் இரும்பும், மதியமும் மாலையும் கால்சியம் என்று வைத்துக்கொண்டால் நினைவில் நிற்கும். இரும்போடு தேநீரும் காபியும் கூடாது.

ஒரு பெண் இரண்டாம் ஆண்டில் ரத்தப் பரிசோதனை நன்றாக இருந்ததைப் பார்த்து மாத்திரைகளை நிறுத்தினார். நீண்ட நாள் எந்தத் தொல்லையும் இல்லை. பின்பு பாதங்களில் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. அடுத்து இருட்டில் நடக்கத் தடுமாறினார். பி12 கல்லீரலில் சேமிப்பாக இருப்பதால் தீர்ந்துபோனது தெரிய நாளாகும்; தெரியும்போது நரம்பு கெட்டிருக்கும், அது முழுமையாகத் திரும்பாமலும் போகலாம். அவருடைய பரிசோதனை முடிவு நன்றாக இருந்ததே மாத்திரை சாப்பிட்டதால்தான்.

வைட்டமின் பி1 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல நாள் வாந்தி தொடர்ந்தால் சில வாரங்களிலேயே அது தீர்ந்துவிடும். பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, குழப்பமாகப் பேசுவது ஆகியவை அவசர நிலை. அப்போது குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் பி1 ஏற்ற வேண்டும். இதை வீட்டில் இருப்பவர்களும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

## 8. பழைய மருந்துகள்

சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் முன்பு சாப்பிட்ட அளவு சில நாட்களிலேயே அதிகமாகிவிடலாம். எடை குறையும் முன்பே சர்க்கரை இறங்கத் தொடங்குவது உண்டு. பழைய அளவிலேயே இன்சுலின் போட்டு மயங்கி விழுந்தவர்கள் இருக்கிறார்கள். தினமும் அளந்து, எண்களை மருத்துவரிடம் காட்டி மாற்றுங்கள்.

ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் பைபாஸ் செய்தவர்களுக்கு ஆகாது. இணைப்பு இடத்தில் புண் உண்டாக்கும். தலைவலிக்குப் பாராசிட்டமால் போதும். பல் மருத்துவரிடமும் மூட்டு மருத்துவரிடமும் நீங்களாகவே முன்கூட்டிச் சொல்ல வேண்டும். புகைபிடித்தலும் அதே புண்ணைத் தரும். மெல்ல மெல்லக் கரையும்படி தயாரித்த மாத்திரைகள் சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம்; மாற்று கேளுங்கள்.

வேகமாக எடை இறங்கும்போது பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பு கூடும். அதைத் தடுக்க முதல் ஆறு மாதம் ஒரு மாத்திரை எழுதித் தருவது வழக்கம். எடை குறைகிறதே என்று அதை விட்டுவிடாதீர்கள்.

## 9. எடை நிற்கும், முடி கொட்டும்

மூன்றாம் வாரம் அளவில் பலருக்கு எடை அப்படியே நின்றுவிடும். அந்த வாரத்தில் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி அழுகையோடு தொடங்குகின்றன. முதல் வாரங்களில் வேகமாக இறங்கியதில் பெரும்பங்கு நீர். உடல் அதைச் சமன்செய்துகொள்ள நின்று மூச்சு வாங்குகிறது. இதற்காக உணவை மேலும் குறைக்காதீர்கள். வாரம் ஒருமுறை, ஒரே நாள், ஒரே நேரம் எடை பாருங்கள்; இடுப்பளவையும் எழுதுங்கள். தராசு நின்ற வாரத்திலும் நாடா இறங்கியிருக்கும்.

மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் முடி கொட்டும். அறுவையின் அதிர்ச்சியில் மயிர்க்கால்கள் ஓய்வுக்குப் போவதால் வருவது இது. வேர்கள் சாகவில்லை, முடி மறுபடி முளைக்கும். ஓராண்டு தாண்டியும் கொட்டினால் இரும்பு, துத்தநாகம், புரதம் மூன்றையும் பரிசோதியுங்கள்.

## 10. மனமும் வீட்டாரும்

இரைப்பை நிறைந்த பிறகும் தலைக்குள் ஒரு பசி இருக்கும். கோபத்தில், தனிமையில், இரவு பதினொரு மணிக்கு வரும் அந்தப் பசிக்கு அறுவை எதுவும் செய்யாது. வந்ததும் பத்து நிமிடம் தள்ளிப்போட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, என்ன நடந்தது என்று நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். பத்து நாள் எழுதினால் அது எந்த நேரத்தில், எதற்காக வருகிறது என்பது பிடிபடும்.

உணவில் கிடைத்த ஆறுதல் போனதும் சிலர் மதுவிடம் போகிறார்கள். பைபாஸுக்குப் பிறகு மது விரைவாக ரத்தத்தில் ஏறும், நீண்ட நேரம் இறங்காது. முதல் ஆண்டில் தொடவே வேண்டாம் என்பேன். மனச்சோர்வும் வரலாம், எடை நன்றாகக் குறையும்போதே வரலாம். எல்லாரும் வாழ்த்தும் நேரத்தில் உள்ளே இருண்டிருப்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கும். சொல்லுங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

வீட்டாரிடம் ஒன்றை முன்பே பேசிவிடுங்கள். "இன்னும் ஒரு வாய்" என்பது அன்பிலிருந்து வருகிறது, ஆனால் அது இனி வலி. அவர்களுக்கு வேறொரு வேலை கொடுங்கள்: மாத்திரையை நினைவூட்டுவது, மாலையில் கூட நடப்பது.

## 11. கருத்தரிப்பு

அறுவைக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் கருத்தரிக்காமல் இருக்கச் சொல்கிறார்கள். சத்து வேகமாக மாறும் காலம் அது. எடை குறையும்போது கருத்தரிக்கும் திறன் எதிர்பாராமல் கூடும். பைபாஸில் கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம், ஆகவே வேறு முறையை அறுவைக்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

## 12. முதல் ஆண்டுக்குப் பின்

எடை இறக்கம் பெரும்பாலும் 12 முதல் 18 மாதத்துக்குள் முடிகிறது. பிறகு பசி கொஞ்சம் திரும்பும், சில கிலோ ஏறுவதும் இயல்பு. ஆனால் ஏறிக்கொண்டே போனால் முதலில் பார்க்க வேண்டியது பானங்களையும் கொறிப்பவற்றையும்தான். உருகி இறங்குபவை சிறிய இரைப்பையை ஏமாற்றிவிடும். வெட்கத்தில் மருத்துவரைப் பார்ப்பதை நிறுத்துகிறவர்களே இந்தக் கட்டத்தில் அதிகம். எடை ஏறியிருக்கும்போதுதான் போக வேண்டும்.

தசையைக் காக்க வாரம் இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சியை மருத்துவர் அனுமதித்த பின் தொடங்குங்கள். தொங்கும் தோலுக்கான அறுவையை எடை நிலைத்த பிறகே யோசிக்க வேண்டும். அதற்கு முன் செய்தால் மறுபடி தொங்கும்.

ரத்தப் பரிசோதனை முதல் ஆண்டில் 3, 6, 12 மாதங்களில், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. ஸ்லீவ் செய்தவர்களுக்கு நெஞ்செரிச்சல் புதிதாக வந்தால் அதையும் சொல்ல வேண்டும். பைபாஸ் செய்தவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்தும் திடீரெனக் கடுமையான வயிற்று வலி வந்தால் குடல் உள்ளே சிக்கியிருக்கலாம். அது காத்திருக்க முடியாத வலி.

பர்ஸில் ஒரு சிறு அட்டை வைத்துக்கொள்ளுங்கள். அதில் இவை இருக்கட்டும்: அறுவையின் பெயர், தேதி, அறுவை செய்த மருத்துவரின் எண், ஆகாத வலி மாத்திரைகளின் பெயர், மூக்கு வழியாகக் குழாயைக் கண்ணால் பாராமல் செலுத்தக் கூடாது என்ற குறிப்பு, வாந்தியோடு வந்திருந்தால் குளுக்கோஸுக்கு முன் பி1 என்ற வரி. என்னுடையது மடிப்பில் கிழிந்து இப்போது மூன்றாவது அட்டையாக இருக்கிறது.